16 கேள்விகளும் பெரியம்மாவும்

முதுமாணிப் படிப்பில் போரும் மனவடுவும் பற்றிய ஒரு பாடத்தை எடுத்திருந்தேன். முதல் ஒப்படையைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு வினாத்தாளைத் தமிழாக்க வேண்டும், யாராவது ஒருவரிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும், என்ன நடந்தது என்று பத்துப் பக்கம் எழுத வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பின்னேரத்தில் முடிகிற வேலை எண்டு நினைச்சன். நாலு மாதம் போச்சு. அந்த நாலு மாதத்தில் விளங்கினதைத்தான் இங்கே எழுதுகிறேன். உளவியல் படிக்காதவர்களும் வாசிக்கலாம், பயப்படத் தேவையில்லை.

அந்த வினாத்தாளின் பெயர் ஹார்வர்ட் மனவடு வினாத்தாள். அமெரிக்காவுக்கு அகதிகளாகப் போன கம்போடிய, லாவோ, வியட்நாமிய மக்களுக்கென்று தயாரிக்கப்பட்டு 1992இல் ஆய்விதழில் வெளிவந்தது. பிறகு உலகத்தில் எங்கெல்லாம் சண்டை நடந்ததோ அங்கெல்லாம் போனது. முதலில் ஒரு சம்பவப் பட்டியல் வரும்: சாப்பாடு தண்ணீர் இல்லாமல் இருந்தீர்களா, இருக்க இடமில்லாமல் இருந்தீர்களா, கொலையைக் கண்டீர்களா என்று. அதன் பிறகு அறிகுறிகள். அவற்றில் முதல் 16ம் பி.டி.எஸ்.டி என்று உலகம் சொல்கிற நோயின் அறிகுறிகள். நம்மூரில் இதை 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று எழுதுவார்கள். வாசித்து முடிக்கவே ஒரு மூச்சு வேணும். போன கிழமை இது உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. சராசரி 2.5ஐத் தாண்டினால் நோய் இருக்கக்கூடும் என்று கணக்கு.

'இல்லவே இல்லை, கொஞ்சம், கனக்க, சரியான கனக்க' என்று நாலு விடையையும் பத்து நிமிசத்தில் தமிழாக்கிவிட்டேன். சிக்கல் கேள்விகளில் தொடங்கியது.

அதற்கு முதல், இந்தப் பட்டியல் எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம். முதலாம் உலகப் போரில் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1915இல் 'லான்செட்' மருத்துவ இதழில் மூன்று படையினரைப் பற்றி எழுதினார். பார்வையும் ஞாபகமும் பாதிக்கப்பட்டிருந்தன, ஆனால் உடம்பில் அதற்கேற்ற காயம் இல்லை. 'செல் அதிர்ச்சி' என்ற சொல் அந்தக் கட்டுரையோடுதான் மருத்துவத்துக்குள் வந்தது. வெடித்த செல்லின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். செல் விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அதே நிலை வந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. மையர்சின் கூட்டாளியான ரிவர்ஸ், கிரெய்க்லொக்கார்ட் ஆஸ்பத்திரியில் படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்தவர். இதே ரிவர்ஸ் அதற்கு முன் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு தங்கி, அவர்களைப் பற்றி 1906இல் ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். மையர்சும் ரிவர்சும் 1898இல் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒன்றாக ஆய்வுக்குப் போனவர்கள். போர் மனவடுப் படிப்பின் தொடக்கத்தில் நின்ற இரண்டு பேரும் வேறு மக்களின் வாழ்க்கையை நேரில் பார்த்தவர்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. பிறகு வந்த பட்டியல்களில் அந்தப் பழக்கம் அதிகம் தெரியவில்லை.

பி.டி.எஸ்.டி என்ற பெயர் 1980இல், வியட்நாம் போருக்குப் பிறகு, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இடம்பிடித்தது. வீடு திரும்பிய படையினர் பலர் இரவில் அலறி எழும்பினார்கள், குடித்தார்கள், மனைவி பிள்ளைகளோடு ஒட்டவில்லை. அவர்களுக்கு ஒரு நோயின் பெயரும் சிகிச்சையும் கிடைக்க அந்தச் சேர்ப்பு உதவியது. அது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படையினரின் நிலையைக் கவனியுங்கள். போர் ஒரு நாட்டில் நடந்தது, அவர் திரும்பி வந்தது வேறொரு நாட்டுக்கு. சண்டை முடிந்துவிட்டது, அவருடைய உடம்புக்கு மட்டும் அது தெரியவில்லை. 'பிற்பட்ட' என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தில், சம்பவம் வழமையான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு இதை வாசிக்க எப்படி இருக்கும்? பொம்பர் வாற சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவது எங்களுக்கு வழமை. 1994இல் வந்த பதிப்பில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

இனிக் கேள்விகள். சும்மா இருக்கும்போது திடீரெனத் திடுக்கிடுகிறீர்களா என்ற பொருளில் ஒன்று. 'ஏங்கிப் போறது' என்று எழுதினேன். எங்கள் ஊரில் பிள்ளை பயந்து வெருண்டால் 'பிள்ளை ஏங்கிப் போச்சு' என்போம். நூல் கட்டுவோம், பார்வை பார்ப்போம். மொழிபெயர்ப்புச் சரிதானா என்று பார்க்க ஒரு வழமை உண்டு. மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். நான் கொடுத்தது தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு தோழியிடம். அவள் அதை 'யாரையாவது நினைத்து ஏங்குகிறீர்களா' என்று திருப்பித் தந்தாள். பயம் காதலாகிவிட்டது! இரண்டு பேரும் நல்லாச் சிரிச்சம். 'திடுக்கிடுதல்' என்று மாற்றினேன்.

ஆனால் இப்படிப் பிழை பிடிபட்டால் பிரச்சினை இல்லை. பிடிபடாத பிழைதான் ஆபத்து. உணர்ச்சி மரத்துப் போவது பற்றிய கேள்வியை 'உணர்வுகளை உணர முடியாத நிலை' என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்த ஆங்கிலம் அச்சொட்டாக மூலத்தைப் போலவே இருந்தது. விரிவுரையாளர் சரி போட்டார். படித்த இரண்டு பேர் தங்களுக்குள் பந்து எறிந்து பிடித்ததுதான் அது. வெளியிலே யாருக்கும் அந்த வசனம் விளங்காது. 'மனசு விறைச்சுப் போச்சு' என்று சொல்கிற ஆளிடம் போய் உணர்வுகளை உணர்கிறீர்களா என்று கேட்டால், அவர் மரியாதைக்கு 'ஓம்' என்பார். அதற்கும் ஒரு புள்ளி விழும்.

எங்கள் ஆட்கள் துன்பத்தை உடம்பாலே சொல்லுகிறவர்கள். நெஞ்சு எரியுது, தலையிடி, கை கால் உழைவு, பெத்த வயிறு பத்துது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் பெருமூச்சைப் பற்றியே எழுதியிருக்கிறார். ஒருவர் பெருமூச்சு விடுகிறார் என்றால் அதிலேயே செய்தி இருக்கிறது. 'யோசினை' என்றொரு சொல்லும் உண்டு. வேறு இடத்தில் அது சிந்தனை அல்லது திட்டம். எங்களுக்கு அது கவலை, பயம், நித்திரையின்மை எல்லாம் சேர்ந்தது. 'ஒரே யோசினை பிள்ளை' என்று ஒரு ஆள் சொன்னால் அந்த 16இல் ஐந்தாறுக்கு விடை வந்துவிட்டது. ஆனால் யோசினைக்கு வினாத்தாளில் இடமில்லை.

பெரியம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். சொந்தக்காரரிடம் இதைக் கேட்பது முறையில்லை என்பது பிறகுதான் விளங்கியது, அதைக் கடைசியில் சொல்கிறேன். பெரியம்மாவின் இளைய மகனை 2009 மேயில் முல்லைத்தீவுப் பக்கம் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முதல், உங்களுக்கு நடந்த மிகப் பயங்கரமான சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று வினாத்தாள் கேட்கும். கேட்டேன்.

"எதைச் சொல்லுறது பிள்ளை? நீ எந்த வருசத்தைக் கேக்கிறாய்?"

எனக்கு மறுமொழி தெரியவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் மழைக்குள்ளே யாழ்ப்பாணத்தை விட்டு நடந்ததைச் சொன்னா. பெரியப்பா வருத்தத்தில் கிடக்க மருந்தில்லாமல் போனதைச் சொன்னா. மகனைப் பற்றிச் சொல்லவில்லை. "அது நடந்து முடிஞ்ச சம்பவம் இல்லைத்தானே" என்றா.

ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தோம். கெட்ட கனவு வருமா? "கனவிலை தம்பி வருவான், அது கெட்ட கனவோ?" இல்லவே இல்லை, 1. அந்தச் சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறவற்றைத் தவிர்க்கிறீர்களா? "ஏன் தவிர்க்க வேணும்? அவன்ர உடுப்பை மாதம் மாதம் எடுத்து வெயிலிலை போடுறனான்." 1. எதிர்காலமே இல்லை என்று தோன்றுகிறதா? "அவன் வந்தாப் பிறகு கலியாணம் ஒண்டு செய்து வைக்க வேணும்." இதற்கும் 1. நித்திரைக்கு மட்டும் 4. மொத்தம் 31 புள்ளி. 16ஆல் பிரித்தால் 1.94. பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று கடதாசி சொன்னது.

பெரியம்மா நோயாளி என்று நிரூபிக்க எனக்கு விருப்பமில்லை. அவ நோயாளி இல்லை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் நித்திரை இல்லை, கலியாண வீடுகளுக்குப் போவதில்லை, மூத்த மகள் கனடாவுக்குக் கூப்பிட்டும் 'அவன் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும்' என்று போகவில்லை. போர் ஒரு ஆளுக்குச் செய்தது இவ்வளவும் கண்முன்னே கிடக்க, அதை அளக்கவென்று செய்த கருவிக்கு அது தெரியவில்லை.

இதை ஒட்டிப் பெரிய ஆய்வுகளைப் போய் வாசித்தேன். போர் முடிந்து இரண்டு மாதத்தில், 2009 யூலையிலிருந்து செப்டெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் 1,400 பேர் வரையில் விசாரித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்கள் பாவித்ததும் இதே ஹார்வர்ட் வினாத்தாள்தான். மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்தால் 13.0, 48.5, 41.8. இதைக் கண்டவுடன் 'பார், முகாம் வாழ்க்கை இரண்டு மடங்காக்கிவிட்டது' என்று எழுதத்தான் கை போகும். அதே கட்டுரை அடுத்த வரியில், எவ்வளவு கொடுமையைக் கண்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகு இடம்பெயர்வுக்கும் அறிகுறிகளுக்கும் உள்ள தொடர்பு இல்லாமல் போகிறது என்று சொல்லுகிறது. அந்த வரியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் காட்டுவது நேர்மையில்லை. ஆனால் சாப்பாடில்லாமை, இருக்க இடமில்லாமை இரண்டும் மூல வினாத்தாளின் கொடுமைப் பட்டியலிலேயே இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. முகாமில் கிடந்ததன் ஒரு பகுதி அங்கேயே எண்ணப்பட்டுவிடுகிறது.

இன்னொரு ஆய்வு, 2004 சுனாமி நடந்த கையோடு வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது. மனவடு நோய் 30.4 வீதம். ஏழு எங்கே, முப்பது எங்கே? ஒன்று பெரியவர்கள், மற்றது பிள்ளைகள். ஒன்று வினாத்தாள், மற்றது விரிவான நேர்காணல். காலமும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்து 'தமிழருக்கு இத்தனை வீதம்' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளைகள் ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொன்று. 82.4 வீதமான பிள்ளைகள் போர்ச் சம்பவம் ஒன்றாவது கண்டவர்கள். வீட்டுக்குள் அடி, வன்முறை ஒன்றாவது அனுபவித்தவர்கள் 95.6 வீதம். தகப்பனின் குடியும் அதோடு சேர்ந்து வருகிறது. போர் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து, தகப்பனின் கையால் பிள்ளையின் முதுகில் விழுகிறது.

தயா சோமசுந்தரம் சொல்லுவதும் இந்தப் பக்கம்தான். யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளரைப் பார்த்து, அதை 1998இல் நூலாக்கியவர். 2007இல் எழுதிய கட்டுரையில் அவர் கூட்டு மனவடு என்று பேசுகிறார். தனியாளுக்கு என்ன நடந்தது என்பதோடு குடும்பத்துக்கு, ஊருக்கு என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லுகிறார். ஆளை ஆள் நம்பாமல் போவது, வாய் திறக்கப் பயப்படுவது, யாராவது தருவார்கள் என்று காத்திருக்கப் பழகுவது. இவை ஒருவருடைய மண்டைக்குள் இருக்கிற நோய் இல்லை. ஊருக்குள் ஓடுகிற நோய். 1 முதல் 4 வரை புள்ளி போட ஊரை எங்கே உட்கார வைப்பது?

கேட்பதும் சும்மா காரியம் இல்லை என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. கொடுமையைக் கண்டவர்களை உடனே இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் மனப்பாரம் இறங்கும் என்று ஒரு காலம் நம்பினார்கள். பிரிட்டனில் தீக்காயம் பட்ட 133 பேரில் அதைச் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். 13 மாதத்துக்குப் பிறகு பார்த்தால், அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 வீதத்தினருக்கு மனவடு நோய், பேச வைக்கப்படாதவர்களில் 9 வீதத்தினருக்கு. முதல் கூட்டத்தினருக்குக் காயம் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூட என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. என்றாலும் பலன் இல்லை என்று பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் சொன்னார்கள். ஆள் தானாகக் கதைக்க வரும்போது கேட்பது வேறு, நாங்கள் போய்க் கிண்டுவது வேறு.

பெரியம்மாவின் நிலைக்கு ஒரு பெயர் பிறகு கிடைத்தது. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் பார்த்துத் தொடங்கியது. ஆள் இல்லை, ஆனால் இறந்ததும் இல்லை. தெளிவில்லாத இழப்பு என்று தமிழில் சொல்லலாம். அதை நோய் என்று அவர் சொல்லவில்லை, நிலைமைதான் கோணலானது என்கிறார். 2022இல் நோய்க் கையேட்டில் நீடித்த துயர நோய் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் முதல் நிபந்தனையே, நெருங்கிய ஒருவர் இறந்து 12 மாதமாகியிருக்க வேண்டும் என்பது. பெரியம்மா அந்த வாசலிலேயே நின்றுவிடுவா.

எங்கள் சடங்குகளும் அப்படித்தான். செத்தவருக்கு எட்டுச் செலவு, 31இல் அந்தியேட்டி, கீரிமலையில் சாம்பல் கரைப்பு, பிறகு வருசா வருசம் திவசம். துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, ஊரும் கூட வந்து அழும். காணாமற்போனவருக்கு ஒரு திகதியும் இல்லை. பெரியம்மா வீட்டில் பெரியப்பாவின் படம் சுவரில், மாலையோடு. மகனின் படம் ஷோகேசுக்குள், பள்ளிக்கூடப் பரிசுகளோடு. சுவரில் கொழுவினால் முடிந்துவிடும். மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்த குடும்பங்களுக்காக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அது காணி, வங்கி அலுவல்களுக்கு உதவும். பெரியம்மா அதையும் எடுக்கவில்லை.

ஒப்படையில் என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள். மொழிபெயர்ப்பில் மூன்று கேள்விகளை மாற்றினேன், யோசினையைச் சேர்த்தேன், புள்ளி போடுவதற்கு முதல் அரை மணித்தியாலம் சும்மா கதைக்க வேண்டும் என்று எழுதினேன். 'விஞ்ஞானபூர்வமாக இல்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் கதை மாறினால் புள்ளியை ஒப்பிட முடியாது.

சொந்தக்காரரிடம் கேட்டது ஏன் பிழை என்பதற்கு வருகிறேன். தொடங்குவதற்கு முதல் எல்லாம் விளக்கித்தான் சம்மதம் வாங்கினேன்: இது படிப்புக்கு, பெயர் வராது, விரும்பினால் நிற்பாட்டலாம் என்று. பெரியம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினா. ஒன்றும் காதில் விழவில்லை என்பது கடைசிக் கேள்வி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

"இதை உங்கட கம்பஸ் ஆருக்குக் குடுக்கும்? காணாமற்போன ஆக்களின்ர ஒபிசுக்கோ?"

செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு, ஜனாதிபதி ஆணைக்குழு என்று 2009இலிருந்து எத்தனையோ படிவம் நிரப்பியவ. பேனையோடு வந்து இருந்து கேள்வி கேட்கிற யாரும் அவவுக்கு மகனைத் தேடுகிற ஆள்தான். நான் சொந்தப் பிள்ளை என்பதால் நம்பிக்கை இன்னும் கூட.

"இல்லை பெரியம்மா, இது படிப்புக்கு மட்டும். இதிலை பேர் எழுத இடமும் இல்லை."

"பேர் இல்லாத பேப்பர் என்னத்துக்கு?" என்று என் கையிலிருந்து பேனையை வாங்கினா. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம் எல்லாவற்றையும் எழுதினா. இலக்கத்தைப் பாராமலே எழுதினா.

ஆளை அடையாளம் காட்டுகிற எதையும் ஒப்படையோடு சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த 16 கேள்விகளையும் வேறொரு தாளில் பார்த்து எழுதி, அதைத்தான் கொடுத்தேன். மற்றத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.